மீனுக்கு சுகரா?

"ஏட்டி, மீனுக்குக்கூடவா சுகர் வருது?"

ஆச்சி கேட்ட கேள்வி இது. ஸ்டடி லீவுக்கு ஊருக்கு, பத்தமடைக்குப் போயிருந்தேன். டெக்னிக்கல் செமினாருக்காக ஒரு ஆய்வுக் கட்டுரையைத் திண்ணையில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். அப்படிப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். ஆச்சி காதில் விழுந்தது ரெண்டே வார்த்தை: சுகர், ஃபிஷ். எங்க வீட்டில் சுகர் என்றால் ஒரே அர்த்தம்தான். வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை, ராத்திரி ரெண்டு சப்பாத்தி, காபியில் சீனி கிடையாது.

"அந்த சுகர் இல்ல ஆச்சி, இது வேற" என்றேன். வேற என்னவென்று சொல்லப் போனால் வாய் வரவில்லை. நாலு வருஷம் பயோடெக் படித்தும், ஆச்சிக்குப் புரிகிற மாதிரி ஒரு வாக்கியம் என்னிடம் இல்லை. அந்தக் கடுப்பில் எழுதுவதுதான் இது. மெக்கானிக்கல், சிவில் மக்களும் தைரியமாகப் படிக்கலாம். பிளஸ் டூ பயாலஜி மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. இந்தத் தலைப்பை நான் எடுத்ததுக்கு வீட்டில் வேறொரு காரணமும் இருக்கு. அதைப் பின்னால் சொல்றேன்.

முதலில் மீன். ஜீப்ராஃபிஷ், வரிக்குதிரை மீன். மீன் தொட்டி விற்கிற கடையில் சின்னதாக, நீலக் கோடு போட்டுக்கொண்டு ஓடுமே, அதேதான். வளர்ந்தாலும் மூணு நாலு சென்டிமீட்டரைத் தாண்டாது. உலகம் முழுக்க ஆய்வகங்களில் இருக்கிற இந்த மீனுக்குச் சொந்த ஊர் நம்ம பக்கம்தான். 1822-ல் கங்கை ஆற்று மீன்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் இதை முதலில் விவரித்தார். இவர்தான் 1800-ல் புக்கானன் என்ற பழைய பெயரோடு சென்னையிலிருந்து மைசூர், மலபார் என்று சுற்றிய ஆள். மீனின் அறிவியல் பெயர் டேனியோ ரேரியோ. டேனியோ என்பது வயலைக் குறிக்கிற வங்காளச் சொல்லிலிருந்து வந்தது. நெல் வயல் ஓரம், வாய்க்கால், ஓடை என்று திரிகிற மீன். 1981-ல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இதை மரபணு ஆய்வுக்குப் பயன்படுத்திக் காட்டியதிலிருந்து இது பெரிய ஸ்டார். 2009-ல் டெல்லி ஐ.ஜி.ஐ.பி. நிறுவனம் இந்தியாவில் இயற்கையாக வாழும் வரிக்குதிரை மீனின் ஜீனோம் வரிசையைப் படித்தது.

நம்ம தாமிரபரணிக்கும் சொந்தமாக ஒரு கெண்டை உண்டு. 1954-ல் சைலஸ் என்ற மீனியல் அறிஞர் ஆற்றின் பெயரையே அதுக்கு வைத்தார். இன்றைய பெயர் டாக்கின்சியா தாம்பிரபர்னியை. வரிக்குதிரை மீனும் இதுவும் ஒரே கெண்டை வரிசையில் வரும் உறவுக்காரர்கள். ஆனால் ஆய்வகத்தில் புகழ் எல்லாம் அவருக்குத்தான், நம்மாளுக்கு இல்லை.

ஏன் அந்த மீன்? முட்டை கண்ணாடி மாதிரி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவு. தாயின் வயிற்றுக்கு வெளியே, தண்ணீரிலேயே கரு வளரும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் உடம்பு உருவாவதை நேரடி ஒளிபரப்பாகப் பார்க்கலாம். 28.5 டிகிரியில் வைத்தால் கணக்கு ரொம்ப ஒழுங்கு. முக்கால் மணி நேரத்தில் ஒரு செல் ரெண்டாகும். மூணு மணிக்கு ஏறக்குறைய ஆயிரம் செல். அதுவரைக்கும் அம்மா முட்டைக்குள் கட்டிக்கொடுத்த சாமான்தான் ஓடுது. அதுக்கு அப்புறம்தான் கரு தன்னோட சொந்த ஜீன்களைப் பெரிய அளவில் ஆன் பண்ணும். நாலு மணிக்கு மேல் செல்கள் எல்லாம் மஞ்சள் கருவின் மேல் போர்வை இழுத்து மூடுகிற மாதிரி கீழே நகர ஆரம்பிக்கும். இதுக்குப் பெயர் எபிபோலி. ஆறு மணிக்கு ஒரு ஓரத்தில் செல்கள் கொஞ்சம் தடித்து நிற்கும். அந்தப் பக்கம்தான் முதுகு. பத்து மணிக்குப் போர்வை முழுசாக மூடிவிடும். இருபத்துநாலு மணி நேரத்தில் தலை, கண், வால், துடிக்கிற இதயம். நம்ம ஹாஸ்டலில் ஒரு ரெக்கார்ட் நோட் எழுதி முடிக்கிற நேரத்தில் ஒரு உடம்பு.

இப்போ கேள்வி. எல்லா செல்லிலும் ஒரே டி.என்.ஏ. அப்புறம் எது முதுகு, எது வயிறு, எது இடது என்று ஒவ்வொரு செல்லுக்கும் எப்படித் தெரியுது?

பாடப் புத்தகம் சொல்லும் பதில்: சிக்னல். சில செல்கள் ஒரு புரோட்டீனைச் சுரக்கும். அது பரவும். பக்கத்தில் அதிகம், தூரத்தில் குறைவு. அளவைப் பொறுத்து செல் தன் வேலையை முடிவு பண்ணும். வயிற்றுப் பக்கம் பி.எம்.பி. என்ற புரோட்டீன் அதிகம். முதுகுப் பக்கத்திலிருந்து கார்டின் என்ற இன்னொரு புரோட்டீன் வந்து அதைப் பிடித்து அடக்கும். கார்டின் கெட்டுப்போன மீனில் வயிற்றுப் பாகங்கள் பெருத்துவிடும். பி.எம்.பி. கெட்டுப்போனால் உல்டா, கரு முழுக்க முதுகாகப் போய், நத்தை மாதிரி சுருண்டுகொள்ளும். எஃப்.ஜி.எஃப்., வின்ட் என்று இன்னும் சிக்னல்கள் உண்டு. இதுவரைக்கும் நானும் செமஸ்டர் தேர்வில் எழுதியிருக்கேன், பத்து மார்க்.

ஆனால் இ.சி.இ. படிக்கிற யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்க. உடனே கேட்பாங்க: டிரான்ஸ்மிட்டர் சொன்னே, ரிசீவர் சொன்னே, நடுவில் சேனல் என்ன? அதுதான் சரியான கேள்வி. சிக்னல் வெற்றிடத்தில் பரவவில்லை. செல்லைச் சுற்றி ஒரு காடு இருக்கு. அந்தக் காடுதான் நான் சொல்ற சுகர்.

பெயர் ஹெப்பரான் சல்ஃபேட். செல்லின் மேல்தோலில் இருக்கும் சில புரோட்டீன்களில் இது முடி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். ரெண்டு வகை சர்க்கரை மாறி மாறி வரும் நீளமான சங்கிலி. ஒரு சங்கிலியில் ஐம்பதிலிருந்து இருநூறு ஜோடி இருக்கலாம். ஆஸ்பத்திரியில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசி கேள்விப்பட்டிருப்பீங்க; அது இதோட நெருங்கிய சொந்தம், சல்ஃபேட் அதிகமாக ஏற்றிய வடிவம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், புரோட்டீனுக்கு ஜீனில் எழுத்து எழுத்தாகக் குறிப்பு இருக்கு. இந்தச் சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படி எந்தக் குறிப்பும் இல்லை. டி.என்.ஏ.வில் தேடினாலும் 'இந்த இடத்தில் சல்ஃபேட் வை' என்ற வரி கிடைக்காது. ஜீன் செய்வது ஒன்றே ஒன்றுதான்: சங்கிலியைத் திருத்தும் என்சைம்களைச் செய்து கொடுப்பது. மற்றதெல்லாம் அந்த என்சைம்கள் எந்த வரிசையில், எவ்வளவு நேரம் கை வைக்கின்றன என்பதைப் பொறுத்தது.

இந்த இடத்தில்தான் ஆச்சிக்குச் சொல்ல எனக்கு வழி கிடைத்தது. எங்க ஊர் பெயரைச் சொன்னால் எல்லாரும் கேட்பது பாய்தானே.

பக்கத்து வீட்டு லாத்தா பாய் நெய்கிறவங்க. கோரை ஆத்தங்கரையில், வாய்க்கால் ஓரத்தில் வளரும் புல். அறுத்துக் கொண்டுவந்தால் அது வெறும் பச்சைத் தண்டு. கீறணும், காயவைக்கணும், தண்ணியில் நாள்கணக்கில் ஊறப் போடணும். ஊறினால் பொதபொதவென்று வீங்கும். திரும்பக் காயணும். அப்புறம் சிலதுக்கு மட்டும் சாயம். பழைய காலத்தில் சிவப்புக்குச் சப்பங்கட்டைச் சாயம், இப்போ கடைச் சாயம். நூல் பாவில் கோரையை ஒவ்வொன்றாக ஊடையாகக் கோத்து அடிச்சால் பாய். கனத்த கோரையைப் போட்டால் சாதாரணப் பாய். மெல்லிசாகக் கீறி, பாவு நூல் எண்ணிக்கையை நூறுக்கு மேலே ஏற்றினால் மடிச்சுக் கைப்பையில் வைக்கிற பட்டுப்பாய். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பெயரையே நெய்து தருவாங்க. கோரை ஒன்றுதான். அறுத்த பிறகு அதுக்கு என்னென்ன செய்தோம், எந்த வரிசையில் செய்தோம் என்பதில்தான் விலை ஐநூறா ஐயாயிரமா என்பது இருக்கு.

ஹெப்பரான் சல்ஃபேட்டும் அப்படித்தான். செல்லுக்குள் கோல்கி என்ற பட்டறையில் வேலை நடக்குது. முதலில் எக்ஸ்ட்-1, எக்ஸ்ட்-2 என்ற ரெண்டு என்சைம்கள் சேர்ந்து வெறும் சங்கிலியை நீட்டும். அது பச்சைக் கோரை. அடுத்து என்.டி.எஸ்.டி. என்ற என்சைம் சில இடங்களில் மட்டும் அசிட்டைல் என்ற சின்ன ஒட்டைப் பிய்த்துவிட்டு அங்கே சல்ஃபேட் வைக்கும். அது கை வைத்த இடத்தின் பக்கத்தில்தான் மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வேலை. சி-5 எபிமரேஸ் ஒரு சர்க்கரையை அப்படியே முறுக்கி வேறு சர்க்கரையாக்கும். எடை மாறாது, வளைவு மட்டும் மாறும். 2-ஓ, 6-ஓ, 3-ஓ சல்ஃபோ டிரான்ஸ்ஃபரேஸ்கள் அந்தந்த எண்ணுள்ள மூலையில் சல்ஃபேட் ஏற்றும். எல்லாம் முடிந்து சங்கிலி செல்லுக்கு வெளியே வந்த பிறகும் விடுவதில்லை. சல்ஃப் என்ற குடும்பத்து என்சைம்கள் வெளியே காத்திருந்து 6-ஓ சல்ஃபேட்டைக் கத்தரிக்கும். பாய் நெய்து முடித்தபின் பிசிறு வெட்டுகிற மாதிரி.

லாத்தாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப யாரு பிள்ளே டிசைன் சொல்லிக் கொடுக்கா?" என்று கேட்டாங்க. என் உவமை அங்கே உடைந்துபோச்சு. ஏனென்றால் லாத்தா மனசில் ஒரு கணக்கு இருக்கு. எத்தனையாவது வரிசையில் சிவப்பு வரணும் என்று அவங்களுக்குத் தெரியும். என்சைமுக்கு ஒன்றும் தெரியாது. முன்னால் வந்தவர் விட்டுப்போன வடிவத்தைப் பார்த்து, தனக்குப் பொருந்தினால் பிடிக்கும், இல்லையென்றால் விட்டுவிடும். அதனால் ரெண்டு சங்கிலி அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. ஆனால் ஒரு திசுவில் உள்ள சங்கிலிகளுக்கு ஒரு பொதுவான சாயல் இருக்கும்.

கொஞ்சம் கணக்கு, இன்ஜினியரிங் மாணவர்கள் மனம் கோணக் கூடாது. ஒரு ஜோடிச் சர்க்கரையை எடுத்துக்கலாம். முறுக்கினதா இல்லையா, 2. அதன் மேல் 2-ஓ சல்ஃபேட் உண்டா இல்லையா, 2. பக்கத்து சர்க்கரையின் நைட்ரஜனில் அசிட்டைலா, சல்ஃபேட்டா, ரெண்டும் இல்லையா, 3. 6-ஓ உண்டா இல்லையா, 2. 3-ஓ, 2. பெருக்கினால் 48. இயற்கையில் இதில் பாதியளவுக்குத்தான் கண்டுபிடித்திருக்காங்க. இருந்தாலும் காகிதக் கணக்குப்படி நாலு ஜோடி சேர்ந்தாலே 53 லட்சத்துக்கு மேல் சாத்தியம். எந்தச் சிக்னல் எந்த இடத்தில் ஒட்டும் என்பது இந்த டிசைனைப் பொறுத்தது. எஃப்.ஜி.எஃப். தன் ரிசீவரோடு சரியாக இணைய 2-ஓ, 6-ஓ சல்ஃபேட் உள்ள துண்டு நடுவில் பாலமாக வேணும். சல்ஃப் வந்து 6-ஓவை வெட்டினால் எஃப்.ஜி.எஃப். குரல் குறையும். அதே வெட்டு வின்ட் சிக்னலை விடுவித்து அதன் குரலைக் கூட்டும். ஒரே கத்தரி, ஒரு பக்கம் மியூட், இன்னொரு பக்கம் வால்யூம். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

சரி, மீன் கருவில் இதெல்லாம் உண்மையிலேயே நடக்குதா?

2009-ல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் மைக்கேல் பிராண்ட், பெட்ரா ஷ்வில்லே குழுக்கள் உயிருள்ள வரிக்குதிரை மீன் கருவில் எஃப்.ஜி.எஃப்.-8 மூலக்கூறுகளை ஒளிரவைத்து, ஒவ்வொன்றாக நகர்வதை அளந்தாங்க. சுமார் 91 சதவீதம் செல்களுக்கு இடையில் உள்ள நீரில் சுதந்திரமாக, வேகமாக ஓடியது. மிச்சம் 9 சதவீதம் மெதுவாக நகர்ந்தது. அந்த மெதுவான கூட்டம் இந்தச் சர்க்கரைச் சங்கிலிகளில் ஒட்டி ஒட்டிப் போகிற கூட்டம். கன்னடியன் கால்வாயில் சருகு மிதந்து வருவதைப் பார்த்திருக்கேன். நடுத் தண்ணியில் விறுவிறுவென்று போகும். கோரை நிற்கிற ஓரத்தில் மாட்டி, விடுபட்டு, திரும்ப மாட்டும். கோரையை அறுத்துவிட்டால் ஓரமும் நடுவும் ஒன்றுதான்.

எபிபோலி, அந்தப் போர்வை இழுக்கிற வேலை, அதையே எடுத்துக்கலாம். யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் யோஸ்ட் குழு 2012-ல் 2-ஓ சல்ஃபேட் வைக்கும் என்சைமைக் கருவில் குறைத்துப் பார்த்தது. செல்கள் மஞ்சள் கருவை மூடும் வேலை பாதியில் நின்றுபோச்சு. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரோட்டீன்கள் மேல்தோலில் குறைந்தன, வின்ட் சிக்னலும் சரிந்தது. யோசித்துப் பாருங்க: ஒரு சர்க்கரையில், ரெண்டாம் எண் மூலையில், ஒரு சல்ஃபேட். அது இல்லையென்றால் முதுகு எங்கே, வயிறு எங்கே என்ற கேள்விக்கே கரு போய்ச் சேரவில்லை.

முதுகு-வயிறு விஷயத்தில் கை வைத்தது 2005-ல் ஃபிலடெல்ஃபியாவில் கிசெல்லி, ஃபார்பர் செய்த வேலை. சர்க்கரையை முறுக்கும் எபிமரேஸ் இருக்கே, அது மீனில் ரெண்டு பிரதியாக இருக்கு. அம்மாவே அதன் ஆர்.என்.ஏ.வை முட்டையில் வைத்து அனுப்புகிறாள். அதன் அளவைக் கூட்டினாலும் கலைந்தது, குறைத்தாலும் கலைந்தது, முதுகு-வயிறு அச்சு. சாயம் கூடினாலும் குறைஞ்சாலும் பாய் ரிஜெக்ட்தான்.

உடம்பு நீள்வதுக்கும் இது வேணும். நிபெக் என்ற மீன் வகையில் உடம்பு குட்டையாக, அகலமாகப் போய்விடும். 2001-ல் காரணம் தெரிந்தது: சர்க்கரைச் சங்கிலியைச் சுமக்கும் கிளிப்பிகன் என்ற புரோட்டீனின் ஜீன் கெட்டிருந்தது. கருவில் ரெண்டு பக்கத்துச் செல்களும் நடுக்கோட்டை நோக்கி நெருக்கியடித்து வந்து, அந்த நெருக்கத்தில் உடம்பு முன்பின்னாக நீளணும். தேரோட்டக் கூட்டம் குறுகலான தெருவில் நுழையும்போது நீளமாவதைப் போல. நிபெக்கில் செல்களுக்கு எந்தத் திசையில் நீட்டி நிற்பது என்று தெரியவில்லை.

இடது-வலது? அதுக்கும் பதில் உண்டு. மீன் கருவின் வால் பக்கம் குஃப்ஃபர் பை என்ற குட்டிக் குளம் இருக்கு. அதனுள் முடி போன்ற சீலியாக்கள் சுழன்று தண்ணியை ஒரு திசையில் ஓட்டும். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் இதயம் எந்தப் பக்கம் வளையணும் என்று உடம்பு முடிவு செய்யுது. யோஸ்ட் குழுவின் 2013 வேலைப்படி, 3-ஓ சல்ஃபேட் வைக்கும் குடும்பத்தில் ஒரு என்சைம் சீலியாவின் நீளத்தையும், அதன் அண்ணன் தம்பி மாதிரி இன்னொன்று சீலியா சுழல்வதையும் கவனிக்குது. ஒரே மூலைதான், ஆனால் என்சைமுக்கு என்சைம் வேலை வேறு. இதைப் படித்தபோது திண்ணையிலிருந்து எழுந்து ஒரு நடை நடந்தேன், சும்மா இருக்க முடியல.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன சோதனைகளில் சில மார்ஃபோலினோ என்ற முறையில் நடந்தவை. அதாவது ஜீனை வெட்டாமல், அதன் ஆர்.என்.ஏ. மேல் ஒரு செயற்கை நாடாவை ஒட்டி என்சைம் உருவாகாமல் தடுப்பது. 2015-ல் லாசன் குழு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மார்ஃபோலினோவில் தெரிந்த கோளாறுகளில் பெரும்பாலானவை அதே ஜீனை நிஜமாக வெட்டிய மீனில் தெரியவில்லை. கருவுக்கு நாடாவே விஷமாக இருந்திருக்கலாம். அதே வருஷம் ஸ்டைனியர் குழு வேறொரு சாத்தியத்தைக் காட்டியது: ஜீனை வெட்டினால் மீன் சுதாரித்து, சொந்தக்கார ஜீன்களைக் கூட்டிச் சமாளித்துவிடும். அதனால் எபிமரேஸ், 2-ஓ, 3-ஓ முடிவுகளை நான் பென்சிலில்தான் எழுதிவைத்திருக்கேன். நிபெக்கை மட்டும் பேனாவில், ஏனென்றால் அது நிஜமான மரபணு மாற்றம். செமினாரில் இந்த ஸ்லைடைத் தூக்கிவிடு, குழப்பும் என்று ஒரு ஃபிரெண்ட் சொன்னான். தூக்கவில்லை.

நிஜ மரபணு மாற்றத்தில் இன்னும் மூணு மீன்கள் இருக்கு, பெயர்கள் டாக்கல், பாக்ஸர், பின்ஷர். மூணும் நாய் இனங்களின் பெயர். 1996-ல் ஜெர்மனியின் டியூபிங்கனில் ஆயிரக்கணக்கில் மீன் வளர்த்து, கோளாறு உள்ளதையெல்லாம் வகைப்படுத்தியபோது தாடை எலும்பு கோணலாக இருந்த மீன்களுக்கு இப்படிப் பெயர் வைத்தாங்க. எந்த ஜீன் என்று அப்போது தெரியாது. பல வருஷம் கழித்துத் தெரிந்தது: டாக்கலில் கெட்டது எக்ஸ்ட்-2. பாக்ஸரில் அதன் உறவான எக்ஸ்ட்எல்-3. பின்ஷரில் கெட்டது கோல்கிக்குள் சல்ஃபேட் சரக்கைக் கொண்டுபோகும் வண்டி. பச்சைக் கோரை அறுப்பவர், அவர் கூட்டாளி, சாயம் கொண்டுவருபவர். தனித்தனியாகப் பிடிபட்ட மூணு பேரும் ஒரே பட்டறை ஆட்கள்.

ஒரு குழப்பம் வரணும் உங்களுக்கு. எக்ஸ்ட் இல்லையென்றால் சங்கிலியே இல்லை. அப்புறம் டாக்கல் மீனுக்கு முதுகு வயிறு எப்படிச் சரியாக வந்தது, தாடை வரைக்கும் எப்படி வளர்ந்தது? அம்மா கட்டிக்கொடுத்த சாமான். முட்டையில் அவள் வைத்த எக்ஸ்ட் தீரும் வரைக்கும் வண்டி ஓடியது என்றுதான் விளக்கம் சொல்றாங்க. எலிக்கு அந்த வசதி இல்லை. எக்ஸ்ட்-1 முழுசாக இல்லாத எலிக் கரு, உடம்பின் அடுக்குகள் பிரியும் கட்டத்திலேயே நின்றுபோகும் என்று 2000-லேயே காட்டிவிட்டாங்க.

டாக்கல் மீனின் தாடைக் குருத்தெலும்பை மைக்ராஸ்கோப்பில் எடுத்த படம் ஒன்று பார்த்தேன். சாதாரண மீனில் செல்கள் அடுக்கிய காசு மாதிரி தட்டையாக, ஒழுங்காக நிற்கும். டாக்கலில் உருண்டையாக, கலைந்து கிடந்தன. அந்தப் படத்தைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

வீட்டுக் காரணம் என்றேனே, அது பெரியம்மா மகன், எங்க அண்ணன். சின்ன வயசிலிருந்து அவனுக்கு முழங்கால் பக்கம், தோள் பக்கம், மணிக்கட்டில் என்று எலும்பு முண்டு முண்டாக வளரும். வலது முன்கை லேசாக வளைஞ்சிருக்கும். பத்தாவது படிக்கும்போது முழங்காலில் ஒன்றை ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. டாக்டர் எழுதிக்கொடுத்த பெயர் மல்டிபிள் எக்ஸாஸ்டோஸிஸ். வீட்டில் யாரும் அதைப் படிக்கவில்லை. ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னாங்க. கிரகணத்தன்னைக்குப் பெரியம்மா வெளிய வந்தா, வாயும் வயிறுமா இருக்கும்போது சரியாச் சாப்பிடல, இன்னும் என்னென்னமோ. பெரியம்மா அதுக்கெல்லாம் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

அந்த நோயுள்ளவர்களில் பெரும்பாலானோருக்குக் கெட்டுப்போயிருப்பது எக்ஸ்ட்-1 அல்லது எக்ஸ்ட்-2. ரெண்டு பிரதியில் ஒன்று. பச்சைக் கோரை அறுக்கும் அதே ஆள். சங்கிலி குறைந்தால் வளரும் எலும்பின் நுனியில் சிக்னல் எல்லை தாண்டும், குருத்தெலும்பு செல்கள் பக்கவாட்டில் முளைக்கும், அதுதான் முண்டு. பெற்றோர் ஒருவரிடமிருந்து வரலாம். சிலருக்கு, வீட்டில் யாருக்குமே இல்லாமல், முட்டையிலோ விந்திலோ அல்லது அதை ஒட்டிய காலத்திலோ ஒரு எழுத்துப் பிழையாகப் புதிதாகத் தொடங்கும். சாப்பாட்டுக்கும் கிரகணத்துக்கும் இதில் ஒரு வேலையும் இல்லை. உடம்பு வளர்ச்சி நிற்கும்போது முண்டுகளும் பெரும்பாலும் நிற்கும். அதுக்குப் பிறகு ஏதாவது ஒன்று திடீரென்று பெருத்தாலோ வலித்தாலோ மட்டும் உடனே காட்டணும். அபூர்வமாகச் சிலருக்கு அது புற்றாக மாறுவதுண்டு.

இதைப் பெரியம்மாவிடம் முதலில் சொன்னேன். ஆச்சியும் பக்கத்தில் இருந்தா. கோரை, அறுப்பு, சாயம் என்று ஆரம்பித்து, அறுக்கிற ஆளில் ஒருத்தன் லீவு என்று முடித்தேன். பெரியம்மா ரொம்ப நேரம் கழித்து, "அப்ப நான் தின்னதாலயோ திங்காததாலயோ இல்ல" என்றாள். இல்ல என்றேன். திரும்ப ஒரு தடவை கேட்டாள். திரும்பவும் இல்ல என்றேன். ஆச்சி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டா.

அண்ணனுக்கு ஆவணியில் கல்யாணம். லாத்தாதான் பாய் நெய்யறாங்க, ரெண்டு பெயரும் போட்டு. அன்னைக்குச் சாயங்காலம் வாய்க்கால் பாலத்தில் வைத்து அவனிடமும் சொன்னேன். மீன், எலி எல்லாத்தையும் பொறுமையாகக் கேட்டான். கடைசியில் ஒரே கேள்வி.

"எனக்குப் பிறக்கிற பிள்ளைக்கு வருமா?"

"பாதிக்குப் பாதி அண்ணே. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா, காசு சுண்டுற மாதிரி. வந்தாலும் உனக்கு இருக்கிற அளவுக்கே இருக்கணும்னு இல்ல, கூடலாம், குறையலாம். முதல்ல உனக்குக் கெட்டது எக்ஸ்ட்-1-ஆ எக்ஸ்ட்-2-வான்னு ஒரு ரத்த டெஸ்ட்ல பார்க்கலாம். அதுக்கப்புறம் ஜெனட்டிக் கவுன்சிலிங்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு பேரும் சேர்ந்து போகணும்."

"அவகிட்ட இன்னும் சொல்லல."

"தெரியும்."

கையில் இருந்த கல்லைத் தண்ணிக்குள்ள போட்டான். மீன்குஞ்சுகள் கலைந்து, திரும்பக் கூடின. டெஸ்ட் பெயரை எழுதித் தரச் சொன்னான். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பாயில் பெயர் நெய்ய ஆரம்பிச்சாச்சா, இல்ல இன்னும் நாள் இருக்கா என்று லாத்தாவிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனான்.